குடுமியான்மலைக்கு ஒரு மெண்டல்சோன் தேவை

புதுக்கோட்டையிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் குடுமியான்மலை. சிகாநாதசுவாமி கோயிலுக்கு வருகிறவர்களை முதலில் பிடித்து நிறுத்துவது மண்டபத்துச் சிலைகள். ஆளை விட உயரமாக, நரம்பும் நகமும் தெரியச் செதுக்கிய அந்தச் சிற்பங்களுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்து முடிக்கவே அரை மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் வெயில் ஏறிவிடும், வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பச் சொல்லிவிடுவார். இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் மலையைக் குடைந்து எடுத்த மேலைக்கோயில் இருக்கிறது. அதை ஒட்டிய பாறை முகத்தில், ஒரு சின்ன அறையின் சுவர் அளவுக்குப் பொடிப்பொடியாக எழுத்துகள். பெரும்பாலானவர்கள் ஏதோ நிலதானக் கல்வெட்டு என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள்.

அது தானக் கல்வெட்டு இல்லை. பாறையில் வெட்டியிருப்பது முழுக்க முழுக்க ஸ்வரங்கள். பழைய கிரந்த எழுத்து. ஏழாம் நூற்றாண்டு என்பார்கள் சிலர், எட்டாம் நூற்றாண்டு என்பார்கள் சிலர். நாலு நாலு ஸ்வரமாகக் கட்டி, வரிக்குப் பதினாறு கட்டுகள். ஏழு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தலைப்பில் ஒரு பழைய ராகத்தின் பெயர்: மத்யமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம். இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். ‘ச’ வர வேண்டிய இடத்தில் சில சமயம் ச, சில சமயம் சி, பிறகு சு, பிறகு செ. ரிஷபமும் அப்படித்தான்: ர, ரி, ரு, ரெ. சில எழுத்துகளின் தலையில் மட்டும் ஒரு புள்ளி. உயிரெழுத்து மாறுவது வீணைத் தந்தியை மீட்டும் முறையைக் காட்டுகிறதா, ஸ்வரத்தின் நுட்பமான ஏற்ற இறக்கத்தைக் காட்டுகிறதா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

கடைசியில் கையெழுத்துப் போட்டதுபோல ஒரு குறிப்பு இருக்கிறது. ருத்ராசாரியார் என்பவரின் சீடரும் சிவபக்தருமான ஓர் அரசர், மாணவர்களின் நன்மைக்காக இந்த ஸ்வரங்களை இயற்றினாராம். அதன்கீழ், மற்றதெல்லாம் வடமொழியாக இருக்க, ஒரே ஒரு வரி தமிழில் வருகிறது. இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்பது அதன் பொருள். எட்டுத் தந்தி யாழும் ஏழு தந்தி வீணையுமா? இருக்கலாம். ‘பரிவாதினி’ என்ற பெயரும் இந்த வட்டாரத்துப் பாறைகளில் குடுமியான்மலை, திருமயம், மலையக்கோயில் என்று மூன்று இடங்களில் வெட்டப்பட்டிருக்கிறது. பரிவாதினி என்றால் ஏழு தந்தி வீணை என்று அமரகோசம் என்ற பழைய வடமொழி நிகண்டு சொல்கிறது. அந்த அரசர் மகேந்திரவர்மப் பல்லவர்தான் என்று பள்ளிக்கூடத்துப் புத்தகத்திலிருந்து சுற்றுலாப் பலகைவரை எழுதிவைத்திருக்கிறார்கள். கல்லில் அவர் பெயர் இல்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவும் இல்லை.

இந்தக் கல்வெட்டைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது: உலகத்திலேயே முதன்முதலில் இசையை எழுதிவைத்தது தமிழன், அதற்குச் சாட்சி குடுமியான்மலை. பெருமைப்படுவதில் தப்பில்லை, தகவல்தான் தப்பு. சிரியாவின் கடற்கரையில் உகாரித் என்ற பழைய நகரத்தில் கிடைத்த களிமண் பலகை ஒன்றில் தெய்வத்தின் மீதான பாட்டும் இசைக் குறிப்பும் இருக்கின்றன. அதன் வயது சுமார் 3,400 வருஷம். கிரேக்கத்தின் டெல்ஃபியில் கிமு 128ஐச் சேர்ந்த இரண்டு அப்போலோ துதிகள் கல்லில் கிடைத்திருக்கின்றன. குடுமியான்மலை அவற்றுக்கெல்லாம் பிந்தியது. ஆனால் இந்தியாவில், 13ஆம் நூற்றாண்டின் இசை நூலான சங்கீத ரத்னாகரத்துக்கு முன்னால், இத்தனை நீளமாக ஸ்வரம் எழுதிவைத்த சான்றுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதுவும் ஓலையில் இல்லை, கல்லில். பெருமைக்கு இது போதாதா?

யார் முந்தி என்ற சண்டையை விட்டுவிட்டு, கிடைத்ததை வைத்து யார் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் கதை வேறு மாதிரிப் போகிறது.

டெல்ஃபியில் அப்போலோ கோயிலுக்குப் போகும் வழியில் ஏதென்ஸ்காரர்கள் கட்டிய கருவூலம் ஒன்று இருந்தது. 1893இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் அந்த இடிபாட்டைத் தோண்டியபோது உடைந்த பலகைக் கற்கள் கிடைத்தன. பாட்டு வரிகளுக்கு மேலே கிரேக்க எழுத்துகளில் ஸ்வரக் குறிகள் இருந்தன. பல இடங்களில் கல் சிதைந்திருந்தது. தெயோடோர் ரைனாக் என்ற அறிஞர் அதைப் படித்தார். கப்ரியேல் ஃபோரே என்ற இசையமைப்பாளரிடம் போனார். பின்னாளில் பாரிஸ் இசைக் கல்லூரிக்கே தலைவராக ஆனவர் ஃபோரே. அவர் அந்தப் பழைய மெட்டைத் தொடாமல், பக்கவாத்தியத்துக்கு மட்டும் எழுதிக்கொடுத்தார். 1894 ஜூன் 16 அன்று பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாநாடு கூடியது. தொடக்க நாளில் இந்தப் பாட்டைப் பாடினார்கள். மாநாட்டைக் கூட்டியவர் பியர் தெ கூபர்த்தன். அந்த மாநாட்டில்தான் ஒலிம்பிக்கை மறுபடி நடத்துவது என்று முடிவெடுத்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பாட்டு காதில் விழுந்த பிறகு சபை உருகிப்போயிருந்தது என்று கூபர்த்தனே பின்னால் எழுதினார்.

மண்ணிலிருந்து மேடைக்கு ஒரே ஒரு வருஷம்.

குடுமியான்மலைக் கல்வெட்டு தொல்லியல் துறையின் கண்ணில் பட்டது 1904இல். பி.ஆர். பண்டார்கர் அதை வாசித்து ‘எபிகிராபியா இந்திகா’வின் பன்னிரண்டாம் தொகுதியில், 1913-14இல் வெளியிட்டார். அதற்கப்புறம் ஆய்வாளர்கள் அதை விட்டுவிடவில்லை. ஆர். சத்தியநாராயணா 1957இல் தனிநூலே எழுதினார். லண்டனிலிருந்து ரிச்சர்ட் விட்டெஸ் 1979இல் நீண்ட கட்டுரை எழுதினார். பிறகு பழைய இந்திய ராகங்களைப் பற்றித் தன் பெரிய புத்தகத்திலும் இதை விரிவாக எடுத்துக்கொண்டார். படிப்பு நடந்திருக்கிறது, பாட்டு நடக்கவில்லை. கருத்தரங்குகளில் யாராவது இரண்டு வரி பாடிக் காட்டுவதோடு சரி. மார்கழி சீசனில் ஆயிரக்கணக்கான கச்சேரிகள் நடக்கும் மாநிலம் இது. அதில் குடுமியான்மலை ஸ்வரத்தைக் கேட்டவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

கல்லைப் பற்றிப் பேசும்போது இன்னொரு கதையையும் சொல்லியாக வேண்டும். துருக்கியில் அய்தின் ஊருக்குப் பக்கத்தில் ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஆள் உயரம்கூட இல்லாத உருண்டைக் கல்தூண் ஒன்று கிடைத்தது. செய்கிலோஸ் என்பவர் நிறுத்திய நினைவுக்கல் அது. அதில் நாலே வரியில் ஒரு பாட்டு, வரிகளுக்கு மேலே ஸ்வரமும் காலஅளவுக் குறியும். முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டு. தலை முதல் கால் வரை முழுசாகக் கிடைத்திருக்கும் உலகின் மிகப் பழைய பாட்டு என்று இன்றைக்கு எல்லாப் பாடநூலும் இதைத்தான் சொல்கிறது. அப்போது அது ரயில்வே பொறியாளர் ஒருவரின் வீட்டுக்குப் போனது. வீட்டம்மாவுக்குப் பூந்தொட்டி வைக்க ஒரு பீடம் வேண்டியிருந்தது. கல் ஆடியதால் அடிப்பாகத்தை அறுத்துச் சமமாக்கினார்கள். அந்த அறுப்பில், பாட்டுக்குக் கீழே இருந்த கல்வெட்டின் கடைசி வரி போய்விட்டது; பாட்டு தப்பித்தது. 1883இல் வில்லியம் ராம்சே அதைப் பிரசுரித்தார். பல கைமாறி 1966இல் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. இன்று இணையத்தில் தேடினால் அந்த நாலு வரியை யாழோடு, குழலோடு, வெறும் குரலோடு பாடிய பதிவுகள் நூற்றுக்கணக்கில் வரும்.

வெள்ளைக்காரர்களும் கல்லை அறுத்திருக்கிறார்கள் என்பதில் நமக்கு ஓர் அற்ப ஆறுதல். நாமும் சளைத்தவர்கள் இல்லை. திருமயத்தில் சத்தியகிரீசுவரர் குகைக்கோயிலிலும் இதே போன்ற இசைக் கல்வெட்டு ஒன்று இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் அதைக் கொத்திவிட்டு, மேலே வேறொரு கல்வெட்டைப் பொறித்துவிட்டார்கள். இப்போது அங்கே இங்கே சில எழுத்துகள்தான் மிச்சம். அங்கே பூந்தொட்டி, இங்கே நிர்வாக ஆவணம்.

மேற்கத்திய செவ்வியல் இசையின் சாதனைகள் என்று ஒரு பட்டியல் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். மாண்டெவெர்டியின் ‘ஓர்ஃபியோ’ 1607. விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ 1725இல் அச்சானது. பாக்கின் ‘புனித மத்தேயு பாடுகள்’ 1727. ஹாண்டலின் ‘மெசையா’ 1742இல் டப்ளினில். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி 1824 மே 7, வியன்னா. ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’ 1913, பாரிஸ். அன்றைக்கு அரங்கத்தில் கூச்சலும் கேலியும் மேடையிலிருந்து வந்த இசையையே அமுக்கிவிட்டன. இதைப் படிக்கிறவருக்கு, மேதைகள் எழுதினார்கள், உலகம் கைதட்டியது, அன்றிலிருந்து இன்றுவரை வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று தோன்றும். அப்படி நடக்கவே இல்லை. இந்தப் பட்டியலில் பாதி, பெட்டியிலும் பரணிலும் தூங்கி, பின்னால் வந்த யாரோ ஒருவர் தட்டி எழுப்பியது.

பாக்கையே எடுத்துக்கொள்ளலாம். 1750இல் லைப்சிக்கில் இறந்தபோது அவரை ஒரு பெரிய ஆர்கன் வித்துவான் என்றுதான் ஊர் நினைவில் வைத்திருந்தது. எழுதிய இசை பழைய பாணி ஆகிவிட்டது. கையெழுத்துப் பிரதிகளைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூத்தவர் வில்ஹெல்ம் ஃப்ரீடமான் கஷ்டத்தில் தன் பங்கை விற்றுத் தின்றார். அதில் தொலைந்தவை ஏராளம். விதவை அன்னா மக்தலேனா வறுமையில் இறந்தார். ‘மத்தேயு பாடுகள்’ லைப்சிக்கில் பாக்கின் காலத்தில் சில முறை, புனித வெள்ளி அன்று மாதாகோயிலில் பாடப்பட்டது. அதன் பிறகு மௌனம்.

பெர்லினில் பெல்லா சாலமன் என்று ஒரு பாட்டி இருந்தார். பேரனுக்குப் பிறந்தநாளோ கிறிஸ்துமஸோ, ஒரு பரிசு கொடுக்க வேண்டும். பட்டுச் சட்டை வாங்கித் தரவில்லை. ‘மத்தேயு பாடுகள்’ முழுவதையும் ஆள் வைத்துப் பிரதி எடுத்து அவன் கையில் கொடுத்தார். பேரன் பெயர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோன்; அப்போது பையன் பதினைந்தைத் தாண்டவில்லை. சில வருஷம் கழித்து நண்பர் எதுவார்த் தெவ்ரியெந்த்தைக் கூட்டிக்கொண்டு குரு செல்ட்டரிடம் போய் அனுமதி கேட்டான். இந்தப் பொடியன்களுக்கு இதெல்லாம் ஆகுமா என்று செல்ட்டர் முதலில் கடிந்துகொண்டார். கடைசியில் ஒப்புக்கொண்டார். 1829 மார்ச் 11 அன்று பெர்லின் பாட்டுக் கழகத்தில் இருபது வயது மெண்டல்சோன் அதை நடத்தினான். டிக்கெட் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தத்துவஞானி ஹெகல் கேட்க வந்திருந்தார். பத்து நாள் கழித்து, பாக்கின் பிறந்தநாளான மார்ச் 21 அன்று மறுபடியும் பாடினார்கள்.

இந்தக் கதையில் ஒரு சின்ன விவரத்தைப் பலரும் தாண்டிப்போய்விடுவார்கள். மெண்டல்சோன் அன்று நடத்தியது பாக் எழுதியது அப்படியே இல்லை. நேரம் ஆகிறதென்று பல பாட்டுகளை வெட்டினான். பாக் கேட்டிருந்த ஓபோ வகை வாத்தியங்கள் அவன் காலத்தில் புழக்கத்தில் இல்லை, கிளாரினெட்டை வைத்தான். பாக் சிறிய குழுவுக்கு எழுதியதை நூற்றைம்பது பேருக்கும் மேல் சேர்ந்து பாடினார்கள். இன்றைய தூய்மைவாதிகள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் குறைபாடான கச்சேரி நடந்ததால்தான் மற்றவர்கள் மூலப்பிரதியைத் தேடினார்கள், சங்கம் வைத்து முழுத் தொகுதி அச்சிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் பழைய வாத்தியங்களையே செய்து பாக் காலத்து முறையில் வாசிக்க ஒரு பெரிய இயக்கமே எழுந்தது. முதலில் தப்பும் தவறுமாக ஒருவன் பாடினான். சரியாகப் பாடுகிறவர்கள் நூறு வருஷம் கழித்து வந்தார்கள்.

மற்ற கதைகளும் இதே சாயலில்தான் இருக்கும். ஷூபர்ட் 31 வயதில் 1828இல் இறந்தார். பத்தாண்டு கழித்து ஷூமான் வியன்னாவில் ஷூபர்ட்டின் அண்ணன் வீட்டுக்குப் போனபோது காகிதக் குவியலில் கிடைத்தது சி மேஜரில் அமைந்த பெரிய சிம்பொனி; 1839இல் லைப்சிக்கில் அதை அரங்கேற்றியதும் மெண்டல்சோன்தான். பாப்லோ காசல்ஸ் பதின்மூன்று வயதில் பார்சிலோனாவில் ஒரு பழைய கடையில் பாக்கின் செல்லோ தனி இசைத் தொகுப்பைக் கண்டெடுத்தார். மேடையில் வாசிக்கத் துணிவதற்குமுன் பன்னிரண்டு வருஷம் வீட்டிலேயே சாதகம் செய்தாராம்.

விவால்டி கதையில் மட்டும் கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். இன்றைக்கு லிஃப்ட்டிலும் செல்போன் ரிங்டோனிலும் கேட்கும் விவால்டியை 1741க்குப் பிறகு ஏறக்குறைய இருநூறு வருஷம் உலகம் மறந்திருந்தது. 1926இல் வட இத்தாலியில் ஒரு கிறிஸ்தவத் துறவியர் பள்ளி, கட்டடச் செலவுக்காகப் பழைய புத்தகங்களை விற்கத் தீர்மானித்தது. விலை மதிக்கக் கேட்டு துரின் நூலகத்துக்கு ஆள் வந்தது. அல்பர்த்தோ ஜெந்திலி என்ற பேராசிரியர் பெட்டிகளைத் திறந்தார். உள்ளே விவால்டியின் கையெழுத்துப் பிரதிகள், தொகுதி தொகுதியாக. நூலகத்திடம் பணம் இல்லை. கைக்குழந்தையைப் பறிகொடுத்திருந்த ஃபோவா என்பவர் மகன் நினைவாக வாங்கிக் கொடுத்தார். மறுபாதி வேறொரு குடும்பத்திடம் இருப்பது தெரிந்தது. அதையும் வாங்கிக் கொடுத்தவர் ஜோர்தானோ என்ற துணி ஆலைக்காரர். அவரும் ஒரு மகனை இழந்தவர். துரின் நூலகத்தில் இன்றும் அந்தத் தொகுப்புகளுக்கு அந்த இரண்டு பிள்ளைகளின் பெயர்தான்.

நம்மிடம் இப்படிப்பட்ட மனிதர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் என்று ஒருவர். கிறிஸ்தவர், மேற்கத்திய இசை எழுத்தில் தேர்ந்தவர். கர்நாடக இசையை ஐரோப்பிய ஐங்கோட்டு முறையில் எழுதி 1893இல் வெளியிடத் தொடங்கினார். அதற்காக எட்டயபுரத்திலிருந்த சுப்பராம தீட்சிதரைத் தேடிப்போனார். முத்துசுவாமி தீட்சிதரின் வம்சத்தில் வந்த சுப்பராமர், தன்னிடமிருந்த பாடாந்தரத்தையெல்லாம் வெளியே கொடுக்க முதலில் தயங்கினார். முதலியார் விடவில்லை, எட்டயபுரம் ஜமீன் வரை போய்ச் சொல்லவைத்தார். இந்த வேலையில் அவருடைய சொத்தும் கரைந்தது, கண்பார்வையும் போனது. கடைசியில் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சாகி வந்தது 1904இல்.

குடுமியான்மலைக் கல்வெட்டு கண்டறியப்பட்டதும் அதே 1904. புத்தகத்தில் இருந்ததை இன்று சபாவுக்குச் சபா பாடுகிறார்கள்; கமகக் குறி வாரியாக ஆராய்ந்து வாதாடுகிறார்கள். கல்லில் இருந்தது கல்லிலேயே இருக்கிறது. புத்தகத்துக்கு உயிரோடு சீடர்கள் இருந்தார்கள். கல்லுக்கு ஆயிரம் வருஷமாகச் சீடர்கள் இல்லை. இந்த வித்தியாசத்தை யாரும் மறுக்க முடியாது.

இங்கே புதுக்கோட்டைக்காரர் ஒருவர் எழுந்து, எழுதிவைத்தால்தான் இசையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த மண்ணின் பெரிய இசைச் சொத்தே எழுதாத சொத்து. உடும்புத்தோல் போர்த்திய சின்னக் கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் உட்காரவைத்த மான்பூண்டியா பிள்ளை இந்த ஊர்க்காரர். அரண்மனையில் விளக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் தவில்காரர் ஒருவரிடம் லயம் கற்று இந்த உயரத்துக்கு வந்தார் என்று சொல்வார்கள். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. அந்த வழியில் வந்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. மிருதங்கத்தில் ‘புதுக்கோட்டை பாணி’ என்று இன்றும் ஒரு முகவரி இருப்பது, இவர்களின் விரலிலிருந்து அடுத்தவர் விரலுக்குப் போனதால்தான். காகிதம் நடுவில் வரவே இல்லை. பாக்கும் மோட்சார்ட்டும் பீத்தோவனும் தங்கள் காலத்தில் மனோதர்மமாக வாசிப்பதில் மன்னர்கள். அந்த மரபு காகிதத்தில் ஏறாததால் மேற்கத்திய செவ்வியல் மேடையில் இன்று கிட்டத்தட்ட அற்றுப்போய்விட்டது. காகிதத்தை நம்பியதில் அவர்கள் இழந்ததும் உண்டு.

ஆனால் விரலிலிருந்து விரலுக்குப் போகும் சங்கிலி ஒரு தலைமுறையில் அறுந்தால் திரும்பி ஒட்டாது. எழுத்து ஆயிரம் வருஷம் காத்திருக்கும். அதனால்தான் இத்தாலியின் அரெட்சோ ஊரில் குய்தோ என்ற துறவி, 1026 வாக்கில், கோடு போட்டு ஸ்வரம் எழுதும் முறையை ஒழுங்குபடுத்தினார். கோயிலில் பாடும் பையன்கள் பத்து வருஷம் மனப்பாடம் செய்தும் சரியாகப் பாட வரவில்லை, இந்த முறையில் ஒன்றிரண்டு வருஷத்தில் தேறிவிடுகிறார்கள் என்று அவரே கடிதத்தில் எழுதினார். இன்று உலகமெங்கும் புழங்கும் ஐங்கோட்டு எழுத்துக்கு அதுதான் வேர். குய்தோவுக்குச் சில நூற்றாண்டு முந்தியே குடுமியான்மலை அரசரும் அதே காரணத்தைத்தான் கல்லில் எழுதியிருக்கிறார்: மாணவர்களுக்காக. ஒருவர் மாணவர்களுக்கு எழுதியது மாணவர்களிடம் போய்ச் சேர்ந்தது. இன்னொருவர் எழுதியதை மாணவர்கள் பள்ளிச் சுற்றுலாவில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

எழுத்தின் பலம் என்ன என்பதற்கு வெகுதூரம் பின்னால் போக வேண்டியதே இல்லை, 2025 மார்ச் 8 போதும். லண்டனில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் குழுவினர் வாசித்தார்கள். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் என்ற ஊர் எந்தத் திசையில் இருக்கிறதென்று அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாம் காகிதத்தில் இருந்தது, பார்த்தார்கள், வாசித்தார்கள். தமிழ்நாடே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். நாளைக்கு நூறு வருஷம் கழித்து யாரோ ஒருவர் அந்தக் காகிதத்தை எடுத்து மறுபடி வாசிக்க முடியும்.

குடுமியான்மலை ஸ்வரங்களைப் பாட முடியாது என்பதற்குச் சொல்லும் காரணங்களும் புதியவை இல்லை. தாளம் தெரியாது, கமகம் தெரியாது, அந்த ராகங்கள் வழக்கொழிந்துவிட்டன, உயிரெழுத்து மாறுவதற்கு அர்த்தம் தெரியாது, தப்பாகப் பாடினால் மூலத்துக்குத் துரோகம் இல்லையா. எல்லாம் உண்மையான சிக்கல்கள்தான். ஆனால் டெல்ஃபி கல்லில் பாதி உடைந்திருந்தது. ஃபோரே மீதியைப் பாடவைத்தார். மெண்டல்சோனுக்குப் பாக்கின் வாத்தியங்கள் கிடைக்கவில்லை. இருப்பதை வைத்து நடத்தினார். ‘இப்படித்தான் பாடினார்கள்’ என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. ‘இப்படியும் பாடியிருக்கலாம்’ என்று சொல்லிப் பாடலாம். மூன்று பேர் மூன்று விதமாகப் பாடினால் இன்னும் நல்லது. சண்டை வரும், சண்டை வந்தால் கூட்டம் வரும்.

பெரிய பணமும் தேவையில்லை. புதுக்கோட்டையிலேயே அரசு இசைப்பள்ளி இருக்கிறது. சென்னையில் அரசின் இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏழு ராகத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு வாய்ப்பாட்டு மாணவர், ஒரு வீணை மாணவர், கிரந்தம் படிக்கத் தெரிந்த ஒருவர் என்று மூன்று பேர் ஆறு மாதம் உட்கார்ந்தால் கால் மணி நேரப் பாட்டு தயாராகிவிடும். கல்வெட்டின் பக்கத்தில் ஒரு பலகை, அதில் ஒரு கியூஆர் குறியீடு. செல்ஃபி எடுக்க எப்படியும் செல்போன் கையில்தான் இருக்கிறது. திருக்கோகர்ணத்தில் 1910இலிருந்து இயங்கும் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு காதுக்கருவி மாட்டிவைக்கலாம். வருஷத்தில் ஒரு மாலை, மேலைக்கோயில் முன்னால் இருபது பேர் உட்கார்ந்து கேட்க ஒரு கச்சேரி. அதில் முதல் பாதி குடுமியான்மலை, இரண்டாம் பாதி பாக்கின் செல்லோ தனி இசை என்று வைத்தால் புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றாகக் காதில் விழும். மாமண்டூரிலும் மகாபலிபுரத்திலும் கல்லைக் கண்ணால் பார்த்துப் பழகிய நமக்குக் காதால் பார்ப்பது புது அனுபவமாக இருக்கும்.

அவசரத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது. திறந்த பாறையில் இருக்கும் எழுத்து மழைக்கும் வெயிலுக்கும் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. தலைப் புள்ளிகள்தான் முதலில் போகும். நுட்பம் இருப்பதும் அவற்றில்தான். பாடுவதற்கு முன்னால் நுட்பமான ஒளிப்படத்தில் முழுப் பாறையையும் பதிவு செய்து எல்லோருக்கும் பொதுவில் வைக்க வேண்டும். இந்த ஒன்றையாவது மாவட்ட நிர்வாகமும் தொல்லியல் துறையும் இந்த வருஷமே செய்து முடிக்கலாம்.

புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலைக்குப் பஸ்ஸில் போய்வர ஒரு காலைப்பொழுது போதும். பாடத் தெரிந்த யாராவது அடுத்த முறை போகும்போது சுருதிப் பெட்டியையும் கூட எடுத்துப் போங்கள்.